தூக்குமேடை வரை நின்ற கூட்டணி

1795-ல் ராமநாதபுரம் சேதுபதி மன்னரைக் கும்பெனியார் சிறையில் அடைத்தார்கள். குடிகள் சும்மா இருக்கவில்லை. 1799-ல், சித்திரங்குடி மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர்க் கச்சேரியைத் தாக்கினார்கள். ஆயுதங்களைக் கைப்பற்றினார்கள்.

தனியாக எத்தனை நாள் போரிட முடியும்? எட்டயபுரம் படை கும்பெனிக்குத் துணையாக வந்தது. கலகம் அடங்கியது.

மயிலப்பனும் துணை தேடினார். சிவகங்கை மருது சகோதரர்களுடன் சேர்ந்தார். 1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை விழுந்தது. ஊமைத்துரை தப்பி, மருதுவிடம் வந்தார். அவருக்கு இடம் கொடுத்தால் கும்பெனியின் பகை வரும். தெரிந்தே இடம் கொடுத்தார்கள்!

ஜூன் 16-ல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிக் கோட்டையிலும் ஸ்ரீரங்கம் கோவில் மதிலிலும் ஒட்டப்பட்டது. எல்லாச் சாதியாரும் ஒன்று சேர வேண்டும் என்று அது அழைத்தது.

கும்பெனியார் என்ன செய்தார்கள்?

பீரங்கியை மட்டும் நம்பவில்லை. அவர்களும் கூட்டுச் சேர்த்தார்கள். புதுக்கோட்டைத் தொண்டைமான் அவர்கள் பக்கம் நின்றார். அதோடு விடவில்லை. சிவகங்கைச் சீமைக்கு உரியவர் படைமாத்தூர் கௌரிவல்லப உடையத் தேவரே என்று சொல்லி, அவருக்குப் பட்டம் கட்டினார்கள். அரச குடும்பத்தின் மீது பற்றுக் கொண்டவர்கள் மருதுவை விட்டு விலகினார்கள். பீரங்கியை விடப் பெரிய அடி இதுதான்.

அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். நவம்பரில் ஊமைத்துரை. மறைந்து திரிந்த மயிலப்பனையும் 1802-ல் பிடித்துத் தூக்கிலிட்டார்கள்.