இரண்டாவது கேபிள் ஏன் நெட்வொர்க்கைச் சாய்த்தது?

குற்றாலத்தில் சீசன் நேரம். நண்பரின் விடுதியில் நான் போட்டுக் கொடுத்த வைஃபை மெஷ், ஒரு நோட் வழியாக மட்டும் ஸ்விட்சோடு இணைந்திருந்தது. "ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கட்டுமே" என்று பின்கட்டு நோடிலிருந்தும் ஒரு கேபிள் இழுத்து அதே ஸ்விட்சில் செருகினேன். சில நொடிகளில் ஸ்விட்ச் விளக்குகள் வெறிபிடித்த மாதிரி சிமிட்ட, மொத்த விடுதிக்கும் இணையம் போச்சு. கேபிளைப் பிடுங்கியதும் எல்லாம் சரி.

தென்காசிக்குத் திரும்பி, வீட்டில் இரண்டு பழைய ரவுட்டர்களில் ஓபன்டபிள்யூஆர்டி போட்டு அதையே செய்து பார்த்தேன். அதே கதைதான்.

காரணம் இது. ஐபி பாக்கெட்டில் டிடிஎல் என்று ஒரு எண் உண்டு. ஒவ்வொரு ரவுட்டரும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூஜ்யமானால் பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடும். ஈதர்நெட் ஃபிரேமில் அப்படி எதுவும் கிடையாது. 802.11எஸ் மெஷ் தன் ஹெட்டரில் டிடிஎல்லும் வரிசை எண்ணும் வைத்திருக்கிறது. அதனால் மெஷ்ஷுக்குள் ஃபிரேம் முடிவில்லாமல் சுற்றாது. ஆனால் பிரிட்ஜ் வழியாகக் கேபிளுக்கு இறங்கும்போது அந்த ஹெட்டர் கழன்றுவிடுகிறது. இன்னொரு நோட் கேபிளிலிருந்து அதே ஃபிரேமை வாங்கி, புதுசு என்று நினைத்து, புது டிடிஎல்லோடு மெஷ்ஷுக்குள் ஏற்றுகிறது. ஒரே ஒரு ஏஆர்பி பிராட்காஸ்ட் போதும், சுழல ஆரம்பித்துவிடும்.

இதற்குப் பழைய வைத்தியம், 1985-இல் ரேடியா பெர்ல்மன் வடிவமைத்த ஸ்பானிங் ட்ரீ. வளையத்தில் ஒரு வழியை அடைத்துவிடும். ஆனால் மெஷ்ஷுக்குள் எந்த இணைப்பு நல்லது, எது மோசம் என்று அதற்குத் தெரியாது. அதன் பிபிடியூ செய்திகள் காற்றில் தொடர்ந்து தொலைந்தால் அடைத்த வழி திறந்துகொள்ளும், மறுபடி வளையம்.

லினக்ஸ் கெர்னலில் 2011-இல் சேர்ந்த பேட்மேன்-அட்வான்ஸ்டுக்குப் பிறகு வந்த வளையத் தவிர்ப்பு வசதி வேறு மாதிரி யோசிக்கிறது. ஒரே கேபிள் நெட்வொர்க்கில் இருக்கும் நோட்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும். மெஷ் பக்கமிருக்கும் ஒவ்வொரு சாதனத்தையும் ஒரு நோட் "இது என் பொறுப்பு" என்று அறிவிக்கும். அதன் ஃபிரேம்களை அந்த நோட் மட்டுமே கேபிளுக்கு விடும். தன் கூட்டாளி நோட் மெஷ்ஷுக்குள் ஏற்றியது காற்றுவழியே வந்தால் அதைக் கேபிளில் மறுபடி இறக்காது. வீட்டில் இதை இயக்கிவிட்டு இரண்டு கேபிளையும் செருகினேன். விளக்குகள் அமைதியாக இருந்தன.

உங்கள் மெஷ்ஷில் இந்த வசதி இல்லையென்றால், ஒரு நோடுக்கு மட்டும் கேபிள் கொடுங்கள். இல்லையென்றால் பிரிட்ஜை விட்டுவிட்டு ரவுட்டிங் போடுங்கள், டிடிஎல் பார்த்துக்கொள்ளும்.