பால் பொங்கியது... போன் வரவில்லை! வீடு மாறுவோர் படும் திண்டாட்டம்

சென்னை:-

ஆடி முடிந்து ஆவணி பிறந்தால் போதும். நகரத்து தெருக்களில் "குட்டி யானை" வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். கட்டில், பீரோ, கிரைண்டர், துளசி மாடம் எல்லாம் ஏறும். மார்கழி கழிந்து தை பிறந்தாலும் இதே காட்சிதான்.

புது வீட்டில் நல்ல நேரம் பார்த்து பால் காய்ச்சுகிறார்கள். கரண்டு இருக்கிறது. தண்ணீர் வருகிறது. கியாஸ் அடுப்பும் எரிகிறது.

போன்? பிராட்பேண்ட்? அதுதான் இல்லை!

அந்தக் காலத்தில் போன் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில் போய் பேசிவிட்டு வரலாம். இன்று அப்படி முடியாது. பையனுக்கு ஆன்லைன் வகுப்பு. பெண்ணுக்கு வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை. பெரியவருக்கு வீடியோவில் டாக்டர் ஆலோசனை. கம்பி அறுந்தால் குடும்பமே ஸ்தம்பித்துவிடுகிறது.

"அப்ளை பண்ணியாச்சா?"

மேற்கு மாம்பலத்தில் இருந்து ஊரப்பாக்கத்துக்கு குடிபோகும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாமான் இறங்கி இரண்டாவது நாள். வீட்டில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

"ஏங்க, நெட்டு கனெக்‌ஷன் மாத்தறதுக்கு எழுதிக் குடுத்தீங்களா?"

"போன் பண்ணி சொன்னேனே!"

"யாருகிட்ட சொன்னீங்க? நம்பர் ஏதாவது குடுத்தாங்களா?"

"நம்பரா? அதெல்லாம் கேக்கலையே..."

திண்டாட்டம் ஆரம்பிப்பது இங்கேதான். வாயால் சொன்னது கணக்கில் வராது. புகார் எண் அல்லது விண்ணப்ப எண் கையில் இல்லாவிட்டால், அந்தக் கம்பெனியைப் பொறுத்தவரை நீங்கள் எதுவுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம்.

அன்று வருடக்கணக்கு

1980-களில் ஒரு டெலிபோன் கேட்டு மனு போட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "ஓ.ஒய்.டி." திட்டத்தில் முன்பணம் கட்டியவர்களுக்கு முன்னுரிமை. சாதாரண மனுதாரர் பின்னால்தான் நிற்க வேண்டும். அப்படிக் கிடைத்த கறுப்பு டெலிபோனை நடுக்கூடத்தில் ஸ்டூல் போட்டு, பூ வேலை செய்த துணி விரித்து வைத்த வீடுகள் எத்தனையோ!

இன்று நிலைமை தலைகீழ். "கனெக்‌ஷன் வேண்டுமா?" என்று கம்பெனிகளே கதவைத் தட்டுகின்றன. ஆனால் இருக்கிற கனெக்‌ஷனை இடம் மாற்றிக் கேட்டால்தான் இழுபறி.

ஏன் இழுபறி?

காரணம் கம்பிதான். பழைய டெலிபோன் லைன் செம்புக் கம்பியில் எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு வரை நேரே வரும். அதே கம்பியில் பிராட்பேண்டும் வந்தது. எக்ஸ்சேஞ்சில் இருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும்.

இப்போது வருவது கண்ணாடி இழை கேபிள். இதில் ஓடுவது மின்சாரம் அல்ல, வெளிச்சம். தெருவில் உள்ள ஒரு பெட்டியில் ஒரே இழை பல வீடுகளுக்குப் பிரிகிறது. அந்தப் பெட்டியில் காலி இடம் இருந்தால்தான் உங்களுக்கு கனெக்‌ஷன். பக்கத்து தெருவில் அந்தக் கம்பெனி இருக்கலாம். உங்கள் தெருவில் இல்லாமல் போகலாம். ஒரே தெருவில்கூட எதிர் வீட்டுக்கு உண்டு, இந்த வீட்டுக்கு இல்லை என்று ஆவதுண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் இன்னொரு சிக்கல். சில இடங்களில் ஒன்றிரண்டு கம்பெனிகளின் கேபிளைத்தான் உள்ளே விட்டிருப்பார்கள். நீங்கள் பத்து வருட சந்தாதாரர் என்றாலும் உங்கள் கம்பெனி கேட்டுக்கு வெளியேதான்! கட்டிடங்களில் டெலிபோன், இண்டர்நெட் வசதி எப்படி இருக்கிறது என்று பார்த்து நட்சத்திர மதிப்பீடு தருவதற்கு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான "டிராய்" 2024 அக்டோபரில் விதிமுறை வெளியிட்டது. ஆனாலும் வாடகை வீடு தேடுகிறவர் நேரில் விசாரிப்பதுதான் நல்லது.

அட்வான்சுக்கு முன்னால் ஒரு கேள்வி

வீடு பிடித்துவிட்டது. வாடகையும் படிந்துவிட்டது. அட்வான்ஸ் பணத்தை எடுத்து நீட்டுவதற்கு முன்னால் மூன்று பேரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

முதலில் வீட்டுக்காரர். "சார், இங்க எந்த கம்பெனி நெட்டு வருது? கேபிள் இழுக்க சுவத்துல துளை போட்டா ஆட்சேபணை இல்லையே?"

அடுத்தது பக்கத்து வீட்டுக்காரர். மழைக்காலத்தில் லைன் எத்தனை நாள் படுக்கும் என்பதை அவர்தான் உண்மையாகச் சொல்வார்.

மூன்றாவது, உங்கள் கம்பெனி. புது முகவரியை முழுசாகச் சொல்லி, "அங்கே கொடுக்க முடியுமா?" என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் இடமாற்றக் கட்டணம் எவ்வளவு, எத்தனை நாள் ஆகும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். புது முகவரிக்கு ஆதாரம் கேட்பார்கள். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொண்டால் இதற்கும் உதவும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் எப்படியும் அவசியம்.

ஆறு மாதம், ஒரு வருடம் என்று மொத்தமாக சந்தா கட்டியவர்கள் இன்னொன்றையும் கேட்க வேண்டும். புது இடத்தில் சேவை இல்லை என்றால் மீதிப் பணம் திரும்ப வருமா? "தள்ளுபடி" என்று சொல்லி வாங்கிய பணம் அங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

கூடவே வராத நம்பர்

செல்போன் எண் சட்டைப் பையில் கூடவே வருகிறது. புது வீட்டில் சிக்னல் இல்லை என்றாலும் எண்ணை விடாமல் கம்பெனியை மட்டும் மாற்றலாம். இந்த வசதி 2011 ஜனவரி 20-ந்தேதி முதல் நாடு முழுவதும் இருக்கிறது. "போர்ட்" என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, செல்போன் எண்ணையும் சேர்த்து 1900-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால் ஒரு குறியீட்டு எண் வரும். அது 4 நாள் செல்லும். அதற்குள் புதுக் கம்பெனியில் கொடுக்க வேண்டும். மாதா மாதம் பில் கட்டுகிறவராக இருந்தால் பழைய பாக்கி இருக்கக்கூடாது.

ஆனால் வீட்டு டெலிபோனுக்கு இந்த சலுகை இந்தியாவில் இல்லை. கம்பெனி மாறினால் நம்பர் போச்சு! அதே கம்பெனியிலேயே தொடர்ந்தாலும், வேறு எக்ஸ்சேஞ்ச் பகுதிக்குப் போனால் பழைய எண் கிடைக்குமா என்பது அந்த இடத்தைப் பொறுத்தது.

முப்பது வருடமாக ஊரில் உள்ள அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் மனப்பாடமாக இருக்கிற எண் அது. கல்யாணப் பத்திரிகையில் அச்சான எண். கடைக்காரர்களுக்கோ அது தொழில் முதல். போர்டிலும் பில் புத்தகத்திலும் இருப்பது அதுதான். "எண் போனால் போகட்டும்" என்று அவர்களால் விட முடியுமா?

ஆகவே இடமாற்ற மனு கொடுக்கும்போதே, "அதே நம்பர் வேணும், கிடைக்குமா?" என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டும். கிடைக்காது என்றால், பழைய லைனை மூடுவதற்கு முன்பே எல்லோருக்கும் புது எண்ணைச் சொல்லிவிட வேண்டும். பாங்கி, இன்சூரன்ஸ், கியாஸ் ஏஜென்சி, பென்ஷன் ஆபீஸ் எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும்.

காலி வீட்டுக்கு பில்!

அடுத்தது பணம் கரையும் கதை.

சாமானை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பழைய வீட்டு பிராட்பேண்டை யாரும் நினைக்கவில்லை. ஆனால் பில் நினைத்துக்கொண்டே இருக்கிறது! மாதம் ரூ.600 திட்டம் என்றால் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.708. மூன்று மாதம் மறந்தால் ரூ.2,124. ஆள் இல்லாத வீட்டுக்கு, அல்லது புதுக் குடித்தனக்காரர் அனுபவிக்கும் கனெக்‌ஷனுக்கு, நீங்கள் கட்டும் தண்டம் அது.

உங்கள் பெயரில் உள்ள லைனில் வேறு யாராவது ஏடாகூடமாக ஏதாவது செய்தால், விசாரணை முதலில் வருவதும் உங்களைத் தேடித்தான்.

லைனை ஒப்படைப்பதாக எழுத்து மூலம் மனு கொடுத்து எண் வாங்க வேண்டும். சுவரில் மாட்டியிருக்கும் மோடம் பெட்டி பெரும்பாலும் கம்பெனியின் சொத்து. அதோடு வந்த அடாப்டர் ஒயரையும் சேர்த்துக் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். பெட்டி திரும்பி வரவில்லை என்று சொல்லி டெபாசிட்டில் கை வைப்பார்கள். கொடுப்பதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கரண்டு போனால் போனும் போகும்

வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இதைக் கவனிக்க வேண்டும்.

பழைய செம்புக் கம்பி டெலிபோனுக்கு எக்ஸ்சேஞ்ச் பாட்டரியில் இருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்டு போனாலும் போன் மணி அடித்தது அதனால்தான். கண்ணாடி இழை கனெக்‌ஷனில் அது நடக்காது. வீட்டில் உள்ள பெட்டிக்கு கரண்டு இல்லை என்றால் போன் ஊமை!

புயல் மழை ராத்திரியில் 108-க்கு பேச வேண்டி வந்தால்? புது வீட்டில் இந்தப் பெட்டிக்கு என்று ஒரு சின்ன பாட்டரி யு.பி.எஸ். மாட்டிவிடுங்கள். சார்ஜ் ஏற்றிய செல்போன் ஒன்றும் பெரியவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

போலி நம்பர் உஷார்

வீடு மாறிய அவசரத்தில் பலர் இண்டர்நெட்டில் "கஸ்டமர் கேர்" என்று தேடி, முதலில் வரும் எண்ணுக்கு போன் செய்கிறார்கள். அங்கே பேசுவது மோசடிக்காரனாக இருக்கலாம்.

"பத்து ரூபா கட்டுங்க சார், உடனே ஆள் அனுப்பறோம்" என்பான். ஒரு ஆப்பை இறக்கச் சொல்வான். ஓ.டி.பி. கேட்பான். கொடுத்தால் பாங்கிக் கணக்கு காலி!

பில்லில் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு மட்டும் பேசுங்கள். பணம் பறிபோனால் ஒரு நிமிடம்கூட தாமதிக்காமல் 1930-க்கு போன் செய்து சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

இழுத்தடித்தால்?

"இன்னிக்கு வருவாங்க... நாளைக்கு வருவாங்க" என்று நாள் கடத்தினால் சும்மா இருக்க வேண்டியதில்லை. "டிராய்" 2012-ல் கொண்டுவந்த விதிப்படி இரண்டு படிகள் உண்டு.

முதல் படி, கம்பெனியின் புகார் மையம். அங்கே ஒவ்வொரு புகாருக்கும் எண் தரவேண்டும். தீரவில்லை என்றால் இரண்டாவது படி, அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரி. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். கட்டணம் கிடையாது. அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். "டிராய்"க்கே நேரில் மனு அனுப்பிப் பயனில்லை. தனி நபர் புகார்களை அது விசாரிப்பதில்லை.

அப்படியும் நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டெலிபோன் பில் வழக்கு நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்பு சொன்னது. அதைக் காட்டியே பல வழக்குகளைத் தள்ளினார்கள். 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது: டெலிபோன் கம்பெனி மீதும் நுகர்வோர் வழக்கு போடலாம்! வாங்கிய சேவையின் மதிப்பு ரூ.5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. போவதற்கு முன் யோசனை கேட்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது.

ஆனால் எந்தப் படியில் ஏறினாலும் முதலில் கேட்பது ஒன்றுதான்: "நம்பர் இருக்கா? ரசீது இருக்கா?"

பழைய பில், ஒப்படைப்பு மனு, புகார் எண், மோடம் ரசீது இந்த நான்கையும் ஒரு கவரில் போடுங்கள். அந்தக் கவரை லாரியில் ஏற்றாதீர்கள். கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்!