சி.பி.ஏ. கனவும் நூற்றைம்பது மணிக் கணக்கும்

தலைநகரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வேரூன்றிவிட்ட நம் குடும்பங்களுக்கும் கணக்குப் புத்தகத்துக்கும் உள்ள உறவு மிகப் பழையது. வேலை தேடி வடக்கே வந்த முதல் தலைமுறையில் பலருக்கு டைப்ரைட்டிங்கும் சுருக்கெழுத்தும் கணக்கும்தான் சோறு போட்டன. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று பி.காம். முடித்த கையோடு அமெரிக்காவின் சி.பி.ஏ. உரிமத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். முன்பு துபாய் போன்ற வெளிநாட்டு நகரங்களுக்குப் போய் எழுத வேண்டியிருந்த அந்தத் தேர்வு, 2020 முதல் டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை உள்ளிட்ட நம் நகரங்களிலேயே நடக்கிறது. அமெரிக்காவிலேயே குடியேறிவிட்ட மகனுக்கும் மருமகளுக்கும் இந்த ஆசை இருப்பது சொல்லாமலே விளங்கும்.

ஆனால் பல வீடுகளில் ஒரு விஷயம் தாமதமாகத்தான் தெரியவருகிறது. தேர்வில் தேறுவது வேறு, உரிமம் கையில் கிடைப்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ‘நூற்றைம்பது மணி’ என்ற கல்வித் தகுதி. அதை எட்ட லட்சக்கணக்கில் செலவழித்து இன்னொரு முதுகலைப் பட்டம் படித்தே ஆக வேண்டுமா, அல்லது கல்லூரி வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதிக் குறைந்த செலவில் நிரப்பலாமா என்பதைத்தான் இந்தக் கட்டுரை பார்க்கிறது.

மூன்று படிகள்

அமெரிக்காவில் நம் சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட் கழகம் போல நாடு முழுவதற்கும் ஒரே அமைப்பு உரிமம் தருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனிக் கணக்கியல் வாரியம் உண்டு. தேர்வு நாடு முழுவதற்கும் ஒன்றே, உரிமம் மட்டும் மாநிலத்துடையது. 1896-ல் நியூயார்க் மாநிலம் முதல் சி.பி.ஏ. சட்டத்தை இயற்றிய நாள் முதல் உரிமத்தை மாநிலங்களே தருவதுதான் வழக்கம்.

கல்வி, தேர்வு, அனுபவம் என்ற மூன்று படிகளையும் ஏறினால்தான் உரிமம். இதில் கல்வியைக் ‘கிரெடிட் மணி’ என்ற அளவால் அளக்கிறார்கள். இந்திராகாந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்குக் கிரெடிட் என்ற சொல் புதிதல்ல. அமெரிக்கக் கல்லூரியில் ஒரு பாடம் பெரும்பாலும் 3 மணி, ஓராண்டுப் படிப்பு 30 மணி, நான்காண்டுப் பட்டம் 120 மணி. அமெரிக்கக் கணக்காளர் கழகத்தின் உறுப்பினர்கள் 1988-ல் வாக்களித்து, 2000-ம் ஆண்டு முதல் உறுப்பினராகச் சேர 150 மணி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். மாநிலங்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தம் சட்டங்களில் அதையே எழுதிக்கொண்டன.

இங்கே கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. கணக்கியலில் இத்தனை மணி, வணிகப் பாடங்களில் இத்தனை மணி என்று வாரியங்கள் தனியே கேட்கின்றன. அவை போக மீதமுள்ள மணிகளில் என்ன படிக்க வேண்டும் என்று பல மாநிலங்கள் சொல்வதில்லை. சமூகவியலாக இருக்கலாம், உளவியலாக இருக்கலாம், உயிரியலாகவும் இருக்கலாம். தேர்வு வழிக் கிரெடிட்டுக்குக் கதவு திறப்பது இந்த இடத்தில்தான்.

பிரவீண் தேர்வு போலத்தான்

தேர்வு எழுதிக் கிரெடிட் பெறுவது என்றதும் ஏதோ குறுக்குவழி என்று நினைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் தட்சிண பாரத இந்தி பிரசார சபையின் தேர்வுகளை எழுதியவர்கள்தாம். பிராத்மிக்கில் தொடங்கி பிரவீண் வரை போனவர்கள், யாரிடம் படித்தார்கள், எந்த வகுப்பில் உட்கார்ந்தார்கள் என்று சபை கேட்கவில்லை. வீட்டில் படித்தாலும் தெரு முனையில் இருந்த இந்தி மாஸ்டரிடம் படித்தாலும் தேர்வில் தேறினால் சான்றிதழ் உண்டு.

அமெரிக்காவில் இதே முறையில் நடப்பது ‘கிளெப்’ தேர்வு. காலேஜ் போர்டு என்ற அமைப்பு 1967 முதல் நடத்திவருகிறது. முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்கள் உள்ளன. ஒரு தேர்வு பெரும்பாலும் ஒன்றரை மணி நேரம், கேள்விகள் பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை, தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. மதிப்பெண் 20 முதல் 80 வரை. அமெரிக்கக் கல்விக் குழு பெரும்பாலான பாடங்களுக்குப் பரிந்துரைக்கும் தேர்ச்சி அளவு 50. தவறிவிட்டால் மூன்று மாதம் பொறுத்து அதே தேர்வை மீண்டும் எழுதலாம். முதலில் படைவீரர்களுக்காக ஏற்பட்டு இன்று எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட டி.எஸ்.எஸ்.டி. தேர்வுகளும் இதே வகைதான். நிதியியல், பணமும் வங்கியும், வணிக நெறிமுறை போன்ற பாடங்கள் அதில் உண்டு.

செலவைப் பாருங்கள். கிளெப் தேர்வுக் கட்டணம் ஏறத்தாழ நூறு டாலர், அதோடு தேர்வு மையத்தின் கட்டணம். சமூகவியல், உளவியல், அமெரிக்க அரசியல், பொருளாதாரம் முதலியவற்றுக்குப் பரிந்துரை தலா 3 மணி. இயற்கை அறிவியல், ஆங்கிலக் கட்டுரை போன்ற சிலவற்றுக்கு 6 மணி. ஆக, 120 மணியுடன் நிற்கும் ஒருவர் மீதி 30 மணியை ஏழெட்டுத் தேர்வுகளில், மிஞ்சினால் பத்துத் தேர்வுகளில் எட்டிவிடலாம். மொத்தச் செலவு ஆயிரம் டாலரை ஒட்டி நிற்கும். ஓராண்டு முதுகலைப் பட்டத்துக்கு ஆகும் செலவோ இதைப்போல் பல மடங்கு. எச்-4 விசாவில் கணவருடன் சென்று, வேலைக்கு அனுமதி கிடைக்காமல் வீட்டில் இருக்கும் நம் பெண்களுக்குப் படிப்பதற்குத் தடையில்லை. குழந்தை உறங்கும் நேரத்தில் படித்து எழுதக்கூடிய தேர்வுகள் இவை.

தமிழுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. கிளெப் மொழித்தேர்வுகளில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் மட்டுமே இருக்கின்றன. ஆனால் ‘ஆக்ட்ஃபில்’ என்ற மொழியாசிரியர் அமைப்பின் பேச்சுத் திறன் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். அதன் அடிப்படையில் கிரெடிட் தரும் கல்லூரிகளும் இருக்கின்றன. தாய்மொழியிலேயே பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்குத் தரமாட்டோம் என்று சொல்லும் கல்லூரிகளும் இருப்பதால், முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எங்கே சறுக்கும்?

இவ்வளவு எளிதாயிற்றே என்று உடனே பணம் கட்டிவிடக் கூடாது. சறுக்கும் இடங்கள் நான்கு.

முதலாவது, கிளெப் தருவது மதிப்பெண்ணே தவிர கிரெடிட் அல்ல. அங்கீகாரம் பெற்ற கல்லூரி ஒன்று அதை ஏற்றுத் தன் மதிப்பெண் பட்டியலில் பதிந்தால்தான் அது கிரெடிட். பட்டம் வாங்கி வெளியே வந்துவிட்டவருக்குப் பழைய கல்லூரி பதிந்து தருமா என்பது அந்தக் கல்லூரியின் விதியைப் பொறுத்தது. பதிய ஒரு கல்லூரி இல்லையென்றால் பத்துத் தேர்வும் பத்துத் தாள்தான்.

இரண்டாவது, ஒரே பாடத்துக்கு இருமுறை கிரெடிட் கிடையாது. பி.காமில் சந்தையியல் படித்தவர் கிளெப்பில் சந்தையியல் எழுதினால் ஒரு மணிகூடக் கூடாமல் போகலாம். தெரிந்த பாடத்தை எழுதினால் சுலபம் என்ற நினைப்புதான் இங்கே காலை வாரிவிடும். படிக்காத பாடத்தைத் தேடி எழுத வேண்டும்.

மூன்றாவது, கணக்கியல் பாடங்களுக்கு இது வழியல்ல. கிளெப்பில் நிதிக் கணக்கியல் தேர்வு ஒன்று இருக்கிறது. பற்று, வரவு, ஐந்தொகை என்று நம் பிளஸ் டூ வணிகவியல் மாணவனுக்குப் பழகிய விஷயங்கள்தாம் அதில் வருகின்றன. ஆனால் அது அறிமுக நிலைப் பாடம். அறிமுகப் பாடத்தைத் தாண்டிய மேல்நிலைக் கணக்கியல் மணிகளைக் கேட்கும் வாரியங்களிடம் அது செல்லாது. தணிக்கை, வருமான வரி, இடைநிலைக் கணக்கியல் இவற்றுக்குக் கிளெப் தேர்வே இல்லை. அவற்றைக் கல்லூரியில்தான் படித்தாக வேண்டும்.

நான்காவது, தேர்வு எழுதும் தகுதியும் உரிமம் பெறும் தகுதியும் ஒன்றல்ல. பல மாநிலங்கள் 120 மணியிலேயே தேர்வு எழுத விடுகின்றன. ‘உங்கள் பிள்ளைக்குத் தகுதி இருக்கிறது’ என்று பயிற்சி நிலையத்தார் சொன்னால், எந்தத் தகுதி என்று திருப்பிக் கேளுங்கள். தேர்வின் நான்கு பகுதிகளிலும் 75 எடுத்துத் தேறிய பிறகு, உரிமத்துக்கு மணி போதவில்லை என்று தெரிய வந்தால் அந்த ஏமாற்றம் கொடுமையானது.

நம் பி.காம். எங்கே நிற்கிறது?

இந்தியாவில் படித்தவர்களுக்கு இன்னொரு முடிச்சு இருக்கிறது. நம் மூன்றாண்டு பி.காம். பட்டத்தை மதிப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக 90 மணியாகவே கணக்கிடுகின்றன. இரண்டாண்டு எம்.காமும் இருந்தால் மொத்தம் 150-ஐ எட்டும் வாய்ப்பு உண்டு. பி.காம். மட்டும் என்றால், 60 மணி குறைவது ஒரு பக்கம், அந்தப் பட்டமே அமெரிக்க இளங்கலைக்கு ஈடாகுமா என்பது இன்னொரு பக்கம். சி.ஏ. தேர்ச்சியைக் கல்வியாகக் கணக்கில் எடுப்பதிலும் எல்லா இடத்திலும் ஒரே வழக்கம் இல்லை.

தேர்வு எழுதி மணியைக் கூட்டலாம். பட்டம் இல்லாத குறையைத் தேர்வு மட்டும் தீர்க்காது. இதற்கும் ஒரு வழி உண்டு. நியூஜெர்சியில் 1972-ல் தொடங்கிய தாமஸ் எடிசன், நியூயார்க் மாநிலத்தில் 1971-ல் தொடங்கி இன்று எக்செல்சியர் என்ற பெயருடன் இயங்கும் பல்கலைக்கழகம் ஆகியவை, வேலைக்குப் போகும் பெரியவர்களுக்காகவே ஏற்பட்டவை. வேறிடத்தில் படித்த மணிகளையும் தேர்வு வழி மணிகளையும் சேர்த்துக்கொண்டு, தாம் கட்டாயம் என்று வைத்துள்ள சில பாடங்களை மட்டும் தம்மிடம் படிக்கச் செய்து பட்டம் தருகின்றன. பி.காம். மட்டும் உள்ளவர்கள் இந்தத் திசையில் விசாரிக்கலாம்.

விதியே மாறிவருகிறது

இத்தனையும் படித்துவிட்டு மூச்சு வாங்கும் வாசகர்களுக்கு ஒரு புதுச் செய்தி. வகுப்பில் கழித்த மணியை எண்ணுவது நல்ல கணக்காளரை உருவாக்குமா என்ற கேள்வி அமெரிக்காவிலேயே வலுத்துவிட்டது. இந்தத் தொழிலுக்கு வரும் இளைஞர்கள் குறைவதற்கு ஐந்தாம் ஆண்டுப் படிப்புச் செலவும் ஒரு காரணம் என்று பலர் வாதிட்டார்கள். 2025 ஜனவரியில் ஒஹையோ மாநிலம் சட்டத்தை மாற்றியது. அதன்படி 2026 ஜனவரி முதல் தேவையான கணக்கியல் பாடங்களுடன் இளங்கலைப் பட்டமும் இரண்டாண்டு அனுபவமும் இருந்து, தேர்விலும் தேறினால் போதும். வர்ஜீனியா, யூட்டா, டெக்சஸ் உள்ளிட்ட பல மாநிலங்களும் 2025-ல் இதே வகையில் சட்டம் இயற்றின.

ஆகவே இன்றைய நிலையில் சிலருக்கு இந்தக் கூடுதல் 30 மணி தேவையே இல்லாமல் போகலாம். அனுபவத்தை இரண்டாண்டு நீட்டிக்க வழியில்லாதவர்களுக்கும், பழைய விதியே நடக்கும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கும்தான் தேர்வு வழி உதவும்.

வரிசை தவறக் கூடாது

எனவே செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்லிவிடுகிறோம்.

1. எந்த மாநிலத்தில் உரிமம் வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அந்த வாரியத்தின் இன்றைய விதியைப் படியுங்கள்.

2. இந்தியப் பட்டங்களை அந்த வாரியம் ஏற்கும் மதிப்பீட்டு நிறுவனத்திடம் மட்டும் கொடுத்து, எத்தனை மணி குறைகிறது, எந்தப் பாடத்தில் குறைகிறது என்று எழுத்தில் வாங்குங்கள்.

3. தேர்வு வழிக் கிரெடிட்டை ஏற்பீர்களா, எத்தனை மணி வரை, எந்தப் பாடங்களுக்கு என்று வாரியத்துக்கு எழுதிக் கேட்டு, வந்த பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

4. மதிப்பெண்ணைப் பதிந்து தரும் கல்லூரியைப் பிடியுங்கள். எந்தெந்தத் தேர்வை ஏற்பார்கள் என்ற பட்டியலை வாங்குங்கள்.

5. இவை முடிந்த பிறகே தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். எந்த ஊரில் தேர்வு மையம் இருக்கிறது என்பதையும் காலேஜ் போர்டிடம் நேரே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, முதலில் பணம் கட்டிவிட்டுக் கடைசியில் வாரியத்தைக் கேட்கிறார்கள். கணக்கு எழுதுவதைத் தொழிலாகக் கொள்ளப் போகிறவர்கள் தங்கள் சொந்தக் கணக்கை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டாமா? வாரியத்துக்கு எழுதும் ஒரு கடிதத்துக்குச் செலவு ஏதும் இல்லை. அந்த ஒரு கடிதம் ஒரு குடும்பத்தின் பல லட்ச ரூபாயையும் ஒரு பிள்ளையின் இரண்டு ஆண்டுகளையும் காப்பாற்றக்கூடும்.