ஆட்டின் வெளிறிய கண்ணும் இரும்புச் சத்தும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேய்ச்சல் பச்சை கட்டியதும், மேச்சேரி, ஓமலூர், நங்கவள்ளி வட்டாரங்களில் செம்மறியாடுகள் சில தீவனம் தின்றும் தேறாமல் மந்தைக்குப் பின்னால் தங்கிவிடும். கீழ் இமையை விலக்கிப் பார்த்தால் உட்புறம் சிவப்பின்றி வெளுத்திருக்கும். இரும்பு டானிக் வாங்கிக் கொடுப்போர் பலர். ஆனால் கோளாறு பெரும்பாலும் தீவனத்தில் இல்லை.

இரத்தத்தில் இரும்பு தனித்துத் திரிவதில்லை, திரிந்தால் நஞ்சாகும். 'டிரான்ஸ்பெரின்' என்னும் புரதம் வண்டியைப்போல் அதைச் சுமக்கிறது. ஒரு வண்டியில் இரண்டு இரும்பணுக்களுக்கே இடம். செல்களின் மேற்பரப்பில் இந்த வண்டியை மட்டும் பிடிக்கும் கொக்கிகள் உள்ளன. கொக்கியில் மாட்டிய வண்டியைச் செல் சிறு பையாக மடித்து உள்ளே இழுக்கிறது. பைக்குள் புளிப்புத்தன்மை ஏறியதும் இரும்பு கழன்றுவிடும். வெறும் வண்டி மறுபடி இரத்தத்திற்கே வந்து அடுத்த சுமைக்குத் தயாராகிறது. இரும்பு குறைந்தால் செல் கொக்கிகளைப் பெருக்கிக்கொள்ளும். சிவப்பணுக்கள் உருவாகும் எலும்பு மச்சைக்கே கொக்கிகள் மிகுதி.

இந்த இரும்பில் பெரும்பங்கு தீவனத்திலிருந்து அன்றன்று வருவதன்று. முதிர்ந்து அழியும் சிவப்பணுக்களிலிருந்து மீட்கப்படுவது. மீதம் கல்லீரலில் சேமிப்பாகும். ஆகவே இரத்தம் வெளியே போனால் முதலே போயிற்று.

அதைக் கொண்டுபோவது நான்காம் இரைப்பையில் தங்கும் 'ஹீமாங்கஸ்' என்ற உருட்டுப்புழு. ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மி.லி. இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழு இருந்தால் 50 மி.லி.; அதனுடன் ஏறத்தாழ 17 மில்லிகிராம் இரும்பும் போகும். 25 கிலோ ஆட்டின் மொத்த இரத்தமே சுமார் ஒன்றரை லிட்டர்தான்! புரதமும் சேர்ந்து இழப்பதால் தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும். இப்புழுவால் கழிச்சல் பெரும்பாலும் காண்பதில்லை. புழுக்கை நன்றாக இருக்கிறதே என்று வாளாவிருத்தல் ஆகாது.

புழு இருக்கும்வரை இரும்பு ஊசி ஓட்டைப் பானையில் ஊற்றிய நீரே. முதலில் குடற்புழு நீக்க மருந்து. சத்து மருந்து பிறகு. தென்னாப்பிரிக்காவில் இமை நிறத்தை ஐந்து வண்ண அட்டையுடன் ஒப்பிட்டு, வெளுத்த ஆடுகளுக்கு மட்டும் மருந்தளிக்கும் முறை வந்தது. எல்லா ஆட்டுக்கும் ஒரே மருந்தை ஓயாமல் கொடுத்தால் புழு அதற்குப் பழகிவிடும் என்பதே காரணம். இமை வெளுக்க வேறு நோய்களும் உண்டாதலால், புழுக்கையைக் கால்நடை மருந்தகத்தில் காட்டிச் சோதித்துக்கொள்வது நல்லது. சினையாடு என்றால் மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தும் ஊற்றக் கூடாது. மாட்டுக்கான தாது உப்புக் கலவையையும் செம்மறிக்கு வைக்கலாகாது. அதிலுள்ள தாமிரத்தைச் செம்மறியின் ஈரல் தாங்காது.

புழுக்குஞ்சுகள் பனி ஈரத்தில் புல் நுனிக்கு ஏறும். வெயில் ஏறிப் பனி உலர்ந்த பிறகே பட்டியைத் திறக்க வேண்டும். தேங்கிய குட்டை ஓரத்துப் புல்லில் மேய்ப்பதையும் மழை மாதங்களில் தவிர்க்க வேண்டும்.