புதுக் கட்டைக்குப் பழைய திருகா?

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (இயற்பியல்) மாணவன்

அச்சாணி இல்லாத் தேர் முச்சாண் ஓடாது என்பார்கள் நம் பெரியவர்கள். தேருக்கு அச்சாணி எப்படியோ, ரைஃபிளுக்குத் திருகாணி அப்படி. துப்பாக்கி என்றவுடன் நம் நினைவுக்கு வருவன குழலும் குண்டும் மட்டுமே. குழல் பொருந்திய இரும்பு உடலையும் அதைத் தாங்கும் மரக்கட்டையையும் ஒன்றாகப் பிடித்திருக்கும் சிறு திருகுகளை யாரும் நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை, சென்ற ஆண்டு முகாம் வரையில்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தை லேத் பட்டறைத் தொழிலாளி. கழற்றிய திருகு எதையும் அவர் எறிந்ததில்லை. வீட்டுப் பரணில் ஒரு பழைய பிஸ்கட் டின் நிறைய திருகுகளும் நட்டுகளும் வாஷர்களும் கிடக்கும். காசு கொடுத்து வாங்கியதை வீசக் கூடாது என்ற பாடத்தை 'அ, ஆ' கற்கும் முன்பே கற்றுவிட்டேன்.

தேசிய மாணவர் படை முகாமில் துப்பாக்கி சுடும் அணிக்குத் தேர்வு நடந்தது. 25 கெஜ தூரம், 5 குண்டுகள். என் கைக்கு வந்தது லீ-என்பீல்டு அமைப்பில் ஆன பழைய .22 ரைஃபிள். இலக்கு அட்டையைக் கொண்டுவந்து பார்த்தபோது, கோழி கிளறிய குப்பைபோல் ஐந்தும் ஐந்து திசையில் சிதறிக் கிடந்தன. அணியில் இடம் கிடைக்கவில்லை. அன்றிரவு என் கையையும் கண்ணையும் நொந்துகொண்டு படுத்தேன்.

மறுநாள் ஆயுதப் பழுது பார்க்கும் ஆர்மரர் அதே ரைஃபிளைப் பிரித்துக்கொண்டிருந்தார். "நேத்து இதுல சுட்டது நீதானே தம்பி? இங்க வந்து பாரு" என்றார். முன்கட்டையில் விரிசல். விசைக் காப்பின் முன்புறத் திருகு திருப்புளி பட்டதும் தளர்ந்து சுழன்றது. அவர் புதுக் கட்டையையும், கூடவே புதுத் திருகுகளையும் எடுத்து வைத்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. "கட்டைதானே சார் கெட்டுப்போச்சு, திருகை ஏன் மாத்தணும்? எங்க அப்பாகிட்ட இந்த மாதிரி நூறு இருக்கு" என்றேன். அவர் சிரித்தார். அன்று அவர் காட்டியதையும், பின்னர் நான் நம் பாடப்புத்தகத்தோடு ஒப்பிட்டுப் புரிந்துகொண்டதையும் இங்கே தருகிறேன்.

இறுக்கிய திருகு உண்மையில் ஒரு சுருள்வில்லைப் போன்றது. இறுக்கும்போது அது மிக நுண்ணிய அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்ப முயல்கிறது. அந்த இழுவிசைதான் இரும்பையும் மரத்தையும் சேர்த்து அழுத்துகிறது. ராபர்ட் ஹூக் 1678-ல் வெளியிட்ட மீட்சி விதி நம் ஆய்வுக்கூடத்துச் சுருள்வில்லோடு முடிந்துவிடவில்லை. இங்கும் ஆட்சி செய்கிறது. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே இழுவிசையாக மாறும். மற்றதெல்லாம் திருகுத் தலையின் அடியிலும் மரைகளிலும் உராய்வுக்கே போய்விடும். எனவே துருவும் பிசிறும் ஏறிய பழைய திருகு கைக்கு இறுகியதுபோல் தோன்றும். உள்ளே பிடிப்பு இருக்காது.

பழைய திருகில் மூன்று குறைகளைப் பார்க்க வேண்டும். முதலாவது தலை. பொருந்தாத திருப்புளி வழுக்கி வழுக்கித் தலையின் பள்ளம் சிதைந்திருந்தால், அதை முழுமையாக இறுக்கவும் முடியாது, பின்னர் கழற்றவும் முடியாது. இரண்டாவது மரை. இறுக்கிய திருகில் முதல் மரை மட்டுமே சுமையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாங்குகிறது. ஆகவே அதுவே முதலில் தேயும். தேய்ந்த மரை இரும்பு உடலின் உள்மரையையும் அரித்துவிடும். திருகின் விலை அற்பம். உள்மரை போனால் போவது ரைஃபிளின் உடல். மூன்றாவது நீளம். புதுக் கட்டையின் கனம் பழையதைப்போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. திருகு குட்டையானால் போதிய மரைகள் பிடிக்கா. நீண்டுவிட்டால், சில ரைஃபிள்களில் உள்ளே ஓடும் போல்ட்டைத் தடுக்கும்.

என் தந்தையின் டின்னில் இருப்பது ஏன் உதவாது? விட்வொர்த் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1841-ல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவை முன்மொழிந்தார். அதன்படி கால் அங்குலத் திருகில் ஓர் அங்குலத்துக்கு 20 மரைகள். மவுசர் 98 ரைஃபிளின் திருகும் கால் அங்குலமே. ஆனால் மரைகள் 22. இரண்டையும் கண்ணால் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மாற்றிப் போட்டால் ஒன்றிரண்டு சுற்று ஏறிச் சிக்கிக்கொள்ளும். 'இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போகும்' என்று பலம் காட்டுபவன் உள்மரையைக் கெடுத்துவிடுவான். ஆகவே அந்த ரைஃபிளுக்கென்றே செய்த திருகை, மரை அளவுகோலை வைத்துச் சரிபார்த்த பிறகே போட வேண்டும்.

கழற்றுவதிலும் ஒரு வரிசை உண்டு. லீ-என்பீல்டில் கட்டை இரண்டு துண்டு. பின்கட்டையை நீளமான ஒரு போல்ட் பிடித்திருக்கிறது. முதலாம் எண் ரைஃபிளிலும் அதிலிருந்து பிறந்த .22 வகையிலும் அந்தப் போல்ட்டின் சதுர முனை முன்கட்டையின் பின்புறத் தகட்டில் நுழைந்து நிற்கும். முன்கட்டையைக் கழற்றாமல் போல்ட்டைத் திருகினால், சதுர முனை சுழன்று முன்கட்டையைப் பிளந்துவிடும். நான் சுட்ட ரைஃபிளின் விரிசலும் யாரோ அவசரக்காரர் இட்ட முத்திரையாகத்தான் இருக்கும் என்றார் ஆர்மரர்.

மரம் நசுங்காதிருக்க, முன்திருகு ஒரு சிறு இரும்புக் காலருக்குள் நுழைந்து செல்கிறது. காலர் மரத்தின் கனத்தைவிட மயிரிழை குறைவாக இருக்க வேண்டும். மரம் சுருங்கினால் திருகின் அழுத்தம் முழுவதும் காலர்மேல் விழும். திருகு இறுகியிருக்கும், கட்டையோ ஆடும். எனவே புதுக் கட்டைக்குத் திருகோடு காலரையும் பொருத்திப் பார்க்கிறார்கள். சில குண்டுகள் சுட்டு மரம் படிந்த பின் மீண்டும் ஒருமுறை இறுக்கத்தைச் சோதிக்கிறார்கள்.

இதெல்லாம் குறி தவறுவது பற்றிய கவலை மட்டும்தானா? இல்லை. இவ்வகை ரைஃபிளில் விசை பொருத்தப்பட்டிருப்பது விசைக் காப்பில். அடிக்கும் ஊசியைப் பின்னிழுத்து நிறுத்தும் கொக்கி இருப்பதோ இரும்பு உடலில். இரண்டுக்கும் நடுவே மரம். திருகு தளர்ந்தாலும் மரம் சுருங்கினாலும் விசைக்கும் கொக்கிக்கும் உள்ள இடைவெளி மாறும். விசையை இழுக்க வேண்டிய பலமும் மாறும். நாலாம் எண் ரைஃபிளில் 1949-ல் வந்த இரண்டாம் மார்க் வகையில் விசையை இரும்பு உடலிலேயே பொருத்தி இக்குறையைப் போக்கினார்கள். நான் எதிர்பாராத நொடியில் விசை விழுந்திருந்தால்? அணியில் இடம் போனதோடு போயிற்று என்று அப்போதுதான் ஆறுதல் பட்டேன். என் குறி தவறியதற்கு முழுப் பழியையும் திருகின்மேல் போட மாட்டேன். என் மூச்சும் நிலையாக இல்லை. ஆனால் இப்போது சுடுதளத்தில் ரைஃபிளை வாங்கியதும் கட்டை ஆடுகிறதா என்று பார்க்கிறேன். ஆடினால் ஹவில்தாரிடம் சொல்கிறேன். திருப்புளியைத் தொடுவதில்லை, அது ஆர்மரரின் வேலை.

விடுமுறையில் வீட்டுக்குப் போய் இந்த விதிகளையெல்லாம் தந்தைக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு டின்னைக் கவிழ்த்து ஒரு திருகை எடுத்தார். "இது கட்டிலுக்கு ஆகும், அலமாரிக்கு ஆகும். லேத்தில உளியப் பிடிக்கிற இடத்துக்கு என்னைக்காவது இதைப் போட்டிருக்கேனாடா? அங்க புதுசுதான்" என்றார்.

ஹூக்கின் பெயரை அவர் கேள்விப்பட்டதில்லை. எந்த இடத்தில் சிக்கனம் பிடிக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்பது மட்டும் அவர் கைக்கு முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு அது தெரிய ஒரு முகாமும், ஐந்து குண்டுகளும், ஓர் ஆர்மரரும் தேவைப்பட்டார்கள்.