குலமரமும் கள்ள உறுதியும்

தம் முன்னோர் யாவர் என அறிய விரும்புவது மக்களுக்கு இயல்பு. பாட்டன், பூட்டன் பெயர் வரையிற் பெரும்பாலோர் சொல்லிவிடுவர். அதற்கு அப்பால் நினைவு மங்கிவிடும். முடியாட்சி நிலவிய பழைய பிரான்சிலோ இவ்விருப்பம் வெறும் ஆவலாக நின்றுவிடவில்லை. ஒருவன் உயர்குடியிற் பிறந்தவனா அல்லனா என்பதைப் பொறுத்தே அவன் அரசனுக்கு இறுக்க வேண்டிய வரியும், அவையிலும் படையிலும் அவனுக்குரிய இடமும் அமைந்தன. குடியானவர் தலைமீது விழுந்த நேர்வரி உயர்குடியினரைத் தீண்டாது. எனவே குலமரம் என்பது சுவரில் மாட்டி மகிழும் ஓவியமாக மட்டும் இருக்கவில்லை. அது வாழ்வுக்குரிய சொத்தாகவும் விளங்கியது.

1666ஆம் ஆண்டில் பதினான்காம் லூயி மன்னனின் ஆட்சியில், அமைச்சர் கொல்பேரின் முயற்சியால், உயர்குடியினர் எனத் தம்மைச் சொல்லிக்கொண்டோர் அனைவரும் அதனை எழுத்துச் சான்றால் மெய்ப்பிக்குமாறு பணிக்கப்பட்டனர். 1560ஆம் ஆண்டு முதலாகத் தந்தை, மகன், பேரன் என முறை அறாது அந்நிலை தொடர்ந்து வந்தமையைக் காட்டல் வேண்டும். காட்ட இயலாதோர் தண்டம் கட்டி, வரியிறுப்போர் பட்டியலிற் சேர்ந்தனர். வீட்டுப் பெட்டகத்திற் கிடந்த பழைய உறுதியொன்று அழிந்து போயிருந்தால், குடும்பத்தின் நிலையே ஆட்டங் கண்டுவிடும்.

நூறு ஆண்டுக் கதையைக் காட்டுவதே இத்துணை அரிதாயின், ஐந்நூறு, எழுநூறு ஆண்டுகளுக்கு முந்திய முன்னோரைத் தேடுவது எத்துணை அரிது! இதற்குக் காரணங்கள் உள. பத்தாம் நூற்றாண்டு வரையில் பிரான்சிய நாட்டில் ஒருவருக்கு ஒரு பெயரே வழங்கியது. குடும்பப் பெயர் என ஒன்று இல்லை. பெர்நார் என்னும் ஒருவர் ஒரு மடாலயத்துக்கு நிலம் ஈந்தார் என ஓர் உறுதி கூறும். அவர் எந்தப் பெர்நார்? அதே நாட்டில் அதே காலத்தில் அப்பெயருடையோர் பலர் இருந்திருப்பர். பதினோராம் நூற்றாண்டளவிலேதான் பிரபுக்கள் தாம் வாழ்ந்த கோட்டையின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து வழங்கத் தலைப்பட்டனர். அப்பெயரும் எப்பொழுதும் துணை செய்வதில்லை. 'லா தூர்' என்றால் 'கோபுரம்' என்பது பொருள். கோபுரம் இல்லாத கோட்டை ஏது? ஆதலால் அப்பெயர் கொண்ட குடும்பங்கள், ஒன்றுக்கொன்று உறவேதும் இன்றி, நாட்டின் பல பகுதிகளிலும் இருந்தன. கோட்டை கைமாறினால், புதிதாக வந்தவரும் அதே பெயரைச் சூடிக்கொள்வர். பெயர் தொடர்ந்து வருவதால் இரத்தம் தொடர்ந்து வந்தது என்று கொள்ள இயலாது.

இவ்விருளிற் கைவிளக்காக உதவுவன சில பதிவுகளே. மடாலயத்துத் துறவிகள், தமக்குக் கிடைத்த நிலக்கொடை உறுதிகளை ஒன்றுதிரட்டி ஒரே நூலாகப் படியெடுத்து வைத்தனர். கொடுத்தவர் பெயரோடு, அவர்தம் மனைவி, மக்கள், உடன்பிறந்தார் பெயரும் அவற்றில் இடம்பெறும். பின்னாளில் அவர்கள் நிலத்தைத் திருப்பிக் கேளாதிருக்கும் பொருட்டு அவர்தம் இசைவையும் எழுதிக்கொள்வது வழக்கம். இறந்தோர் பெயரைத் திதியோடு குறித்துவைத்த நினைவேடுகளும், மெழுகு முத்திரைகளும், திருமண உடன்படிக்கைகளும், மரண சாசனங்களும் ஏனைய சான்றுகளாம்.

இவற்றைக் கையாளும் முறையும் உண்டு. ஐயமின்றி அறியப்பட்ட ஒருவரிடம் தொடங்கி, அவர் தந்தையை ஒரு சான்றால் நிறுவி, பின் அத்தந்தையின் தந்தையை இன்னொரு சான்றால் நிறுவி, படிப்படியாகப் பின்னோக்கிச் செல்லுதலே நேரிய முறை. சான்று அற்ற இடத்தில் நின்றுவிடல் வேண்டும். புகழ்பெற்ற முன்னோர் ஒருவரை முதலில் வரித்துக்கொண்டு, அவரிடமிருந்து கீழ்நோக்கி இறங்க முயல்பவர் வழுக்கி விழுவது திண்ணம். 1624இல் மோன்மொரான்சி குடும்பத்தின் வரலாற்றை வெளியிட்ட ஆந்திரே தூசேன் என்னும் அறிஞர், தம் கூற்றுகளுக்கு ஆதாரமான உறுதிகளையும் திரட்டி உடன் அச்சிட்டார். அவர்தம் நூல்கள் பின்வந்தோருக்கு வழிகாட்டியாக அமைந்தன.

இம்முறை எங்கே தவறும் என்பதைக் காட்டுவதற்கு, லா தூர் தோவேர்ண் என்னும் குடும்பத்தின் கதையினுஞ் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள மலைநாடு ஓவேர்ண். அங்கே லா தூர் என்னும் கோட்டையை உடைய பிரபுக் குடும்பம் ஒன்று பதின்மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தெளிவாகக் காணப்படுகிறது. அதன் மூத்த கிளை 1437இல், பெண்வழி உரிமையாக, ஓவேர்ண் பிரபுப் பட்டத்தைப் பெற்றது. பிரான்சின் அரசியாக விளங்கிய கத்தரீன் தெ மெதிச்சியின் தாய் அக்கிளையில் வந்தவரே. பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பிரிந்த இளைய கிளையோ 1444இல் திருமணத்தால் தூரேன் என்னும் ஆட்சிப் பகுதியையும், 1591இல் மற்றொரு திருமணத்தால் செடான், பூய்யோன் என்னும் எல்லைப்புற நாடுகளின் உரிமையையும் அடைந்தது. பதினான்காம் லூயியின் பெரும் படைத்தலைவரான தூரேன் இக்கிளையினரே. 1675இல் அவர் போரில் மடிந்தபோது, மன்னன் அவரைச் சென் தெனி ஆலயத்தில் அரசர்களின் கல்லறைகளுக்கு அருகே அடக்கஞ் செய்வித்தான்.

இத்துணைப் புகழும் குடும்பத்தாருக்குப் போதவில்லை. 1651இல் அவர்கள் செடான் நாட்டை மன்னனுக்கு ஈந்து, வேறு நிலங்களை மாற்றாகப் பெற்றனர். அவையில் அவர்களுக்கு 'அயல்நாட்டு இளவரசர்' என்னும் தகுதி உண்டு. தூதுவரை மன்னன் வரவேற்கும்போது தலையிலே தொப்பியோடு நிற்கவும், அரசியின் முன்னிலையில் அவர்தம் மகளிர் முக்காலியில் அமரவும் அத்தகுதி இடந்தந்தது. இக்காலத்தார்க்கு இது நகைப்பை விளைக்கலாம். அவ்வவையிலோ அது உயிரினும் பெரிதாகப் போற்றப்பட்டது. நாட்டைக் கொடுத்துவிட்டபின் தகுதி எதன்மீது நிற்கும் என்னும் அச்சம் எழுந்தது. இரத்தத்தின்மீது நிற்கச் செய்துவிட்டால் அதனை எவராலும் பறிக்க இயலாது.

அதற்கேற்ற முன்னோரும் இருந்தனர். 910ஆம் ஆண்டிற் குளூனி மடாலயத்தை நிறுவிய வில்லியம், ஓவேர்ண் நாட்டின் பிரபுவாகவும் அக்கித்தேன் நாட்டின் கோமகனாகவும் இருந்தவர். ஏறக்குறைய தனியரசராகவே ஆண்டவர். அவர்க்குப்பின் அவர் சகோதரியின் மக்கள் ஆண்டனர். அவர்களுள் இறுதியானவர் 927இல் மறைந்தார். அத்தோடு அவ்வமிசமும் ஆட்சியிலிருந்து மறைந்தது. அந்த வமிசத்துக்கும் லா தூர் கோட்டைப் பிரபுக்களுக்கும் இடையே இரத்தத் தொடர்பு உண்டென நிறுவிவிட்டால், அக்குடும்பம் தொன்று தொட்டு அரச இரத்தம் உடையது ஆகிவிடும். பூய்யோன் கோமகனின் செயலாளராயிருந்த ஜுஸ்தெல் என்பவர் 1645இல் வெளியிட்ட நூலிலே இக்கருத்து முன்னமே இடம்பெற்றிருந்தது. ஆயினும் சங்கிலியின் நடுவே கண்ணிகள் குறைந்தன.

1695ஆம் ஆண்டில் அக்கண்ணிகள் வெளிப்பட்டன! ஓவேர்ணில் பிரியூத் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள தூய யூலியான் ஆலயத்திலே குளூனியை நிறுவிய வில்லியம் அடக்கஞ் செய்யப்பட்டவர். அவ்வாலயத்தின் பழைய உறுதிப் பதிவேட்டிலிருந்தும் நினைவேட்டிலிருந்தும் பிரிந்தவை எனச் சில தோலேடுகள் தோன்றின. வேண்டிய பெயர்கள் வேண்டிய இடத்தில், வேண்டிய உறவுமுறையோடு அவற்றிற் காணப்பட்டன. அவற்றைக் கொணர்ந்தவர் ஜான் பியேர் தெ பார் என்னும் ஒருவர். அக்காலக் குடும்பத் தலைவர்களுள் ஒருவரும் குளூனி மடாலயத்தின் அதிபருமான கர்தினால் பூய்யோன் அவ்வேடுகளை மூவர் முன் வைத்தார். முதல்வர் மபியோன்; பழைய உறுதிகளின் மெய்ம்மையை ஆராயும் கலைக்கே தந்தை எனப் போற்றப்படுபவர்; 1681இல் அக்கலையைப் பற்றிய பெருநூலை ஆக்கியவர். இரண்டாமவர் அவர் மாணாக்கரும் துறவியுமான ருயினார். மூன்றாமவர் எத்தியேன் பலூஸ். கொல்பேரின் நூல்நிலையத்தை நெடுங்காலம் காத்துவந்த பேரறிஞர். எழுத்தும் தோலும் பழமையாய் இருக்கக் கண்டு, ஏடுகள் மெய்யானவையே எனக் கையொப்பமிட்டனர் மூவரும்.

ஊரார் நம்பவில்லை. ஏளனப் பிரசுரங்கள் உலவின. பலூஸ் விடை எழுதினார். 1700இல் தெ பார் சிறைப்பட்டார். நீண்ட விசாரணையின் பின் 1704இல் அவர் கள்ள உறுதி ஆக்கியவர் என நீதிமன்றம் தீர்த்தது.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் பலூஸ் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1708இல் ஓவேர்ண் குடும்பத்தின் வரலாற்றை இரண்டு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஐயத்துக்குள்ளான ஏடுகளும் அந்நூலில் இடம்பெற்றன. ஈராண்டுகள் எவரும் தடை சொல்லவில்லை. 1710இல், முன்னமே மன்னனின் சினத்துக்கு ஆளாகியிருந்த கர்தினால், அப்போது பிரான்சோடு போர் புரிந்துகொண்டிருந்த பகைவரிடம் ஓடிச் சேர்ந்தார். தாம் பிறப்பால் அயல்நாட்டு இளவரசர், ஆதலால் தமக்குரிய சுதந்திரத்தை மீட்டுக்கொள்வதாக மன்னனுக்கு எழுதினார். குலமரம் அந்நாளில் அரசியற் படைக்கலமாயிற்று. குடிமகன் ஒருவன் தான் குடிமகனல்லன் எனச் சொல்வதற்கு ஒரு நூல் ஆதாரமாயின், அந்நூலை அரசு எவ்வாறு பொறுக்கும்? நூல் தடைசெய்யப்பட்டது. எண்பது வயதை எட்டிக்கொண்டிருந்த பலூஸ் பதவிகளை இழந்து, பாரிசிலிருந்து துரத்தப்பட்டு, ஊர் ஊராக வாழ்ந்தார். 1713இல் திரும்பிவர விடை கிடைத்தது, பதவிகள் கிடைக்கவில்லை. 1718இல் அவர் காலமானார். அவர் சேர்த்த நூற்றுக்கணக்கான கைப்பிரதிகளை மறு ஆண்டிலே அரச நூல்நிலையம் வாங்கிக்கொண்டது. அவற்றை நாடாத பிரான்சிய வரலாற்று ஆராய்ச்சியாளர் இன்றும் சிலரே.

அறிஞர் மூவர் எவ்வாறு ஏமாந்தனர்? அவர்கள் கல்லாதவர் அல்லர். கைக்கூலி பெற்றவர் என்று சொல்வதற்கும் ஆதாரம் இல்லை. ஏட்டைப் பார்த்தனர், ஏடு வந்த வழியை நன்கு பார்க்கவில்லை. அது யார் கையில் இருந்தது, எப்பொழுது ஆலயத்தை நீங்கியது, இதற்குமுன் கண்டவர் எவர் என்னும் வினாக்கள் எழுத்தின் வடிவத்தைப் போலவே முதன்மையானவை. மேலும், நெடுநாளாகத் தேடிய வெற்றிடத்தைச் சிறிதும் மிகாமலும் குறையாமலும் ஒரு சான்று நிரப்புமாயின், அச்சான்றையே முதலில் ஐயுறல் வேண்டும். மெய்யான உறுதிகள் அவ்வாறு நம் விருப்பத்துக்கு இணங்கிப் பேசுவதில்லை. அவை நிலத்தின் எல்லையையும் ஆண்டுதோறும் அளக்கவேண்டிய தானியத்தையும் கூறும். நாம் தேடும் உறவை ஒரு மூலையில் தற்செயலாகக் கூறும், அல்லது கூறாது விடும்.

பிரான்சியப் புரட்சி உயர்குடிப் பட்டங்களை 1790இல் ஒழித்தது. நிலமானிய உரிமைகளைக் கூறும் உறுதிகளை எரிக்குமாறு 1793இற் சட்டம் பிறந்தது. எண்ணற்ற ஏடுகள் தீக்கிரையாயின. எஞ்சியவற்றைக் காக்க 1796இல் மாவட்டந்தோறும் ஆவணக் காப்பகங்கள் அமைந்தன. அவற்றைக் கற்பிக்க 1821இல் பாரிசில் ஒரு கல்லூரி எழுந்தது. வரிவிலக்கும் முக்காலியும் போனபின், பொய் சொல்வதற்கான தேவையும் பெரும்பாலும் நீங்கியது. இன்று ஆராய்ச்சியாளர் லா தூர் குடும்பத்தைப் பதின்மூன்றாம் நூற்றாண்டிற்கு மேலே ஐயத்தோடு நோக்குகின்றனர். அதனால் அக்குடும்பத்துக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

பூய்யோன் கோமக்களின் ஆண்வழி 1802இல் அற்றுப்போயிற்று. அதற்கு ஈராண்டுகளுக்கு முன், அக்குடும்பத்தின் முறைவழியல்லாத கிளையொன்றில் வந்த தெயோபில் மாலோ என்னும் வீரர் செருமனியிற் போர்க்களத்தில் வீழ்ந்தார். ஐம்பத்தாறு வயதில், உயர்பதவிகளை மறுத்துப் போர்வீரரோடு வீரராய் நின்றவர் அவர். குடியரசுப் படைகளின் 'முதல் வீரர்' என்னும் பட்டத்தை நெப்போலியன் அவருக்கு வழங்கியிருந்தார். அவரது படைப்பிரிவில் நாள்தோறும் அவர் பெயரும் அழைக்கப்பட்டது. மானப் போர்க்களத்தில் மடிந்தார் என்னும் விடை எழுந்தது. 1889இல் அவரது எச்சங்கள் பாரிசின் பந்தியோன் மண்டபத்தில் வைக்கப்பட்டன. கள்ள உறுதியால் அக்குடும்பம் அடைய விழைந்த பெருமை அவையிலே நகைப்புக்கு இடமாயிற்று. தெயோபில் மாலோவின் பெருமைக்கோ எந்தப் பழைய ஏடும் வேண்டியிருக்கவில்லை.