நுரைச்சோலைக்குக் கெடு வைக்கலாமா?

மென்பொருளில் ஓட்டை இருப்பதைக் கண்டவர் அதைச் சொன்னால் போதுமா, ஊடுருவும் கருவியையும் செய்து எல்லோர் கையிலும் கொடுத்தால்தான் உற்பத்தியாளர் அசைவாரா? கொடுக்க வேண்டும் என்போர் முதலில் காட்டுவது 2010 ஒக்டோபரில் வந்த ஃபயர்ஷீப் என்ற உலாவி நீட்சியை. பொது வைஃபையில் அருகில் இருப்பவரின் சமூக வலைத்தளக் கணக்குக்குள் எவரும் எளிதாக நுழையலாம் என்பதை அது எல்லோருக்கும் காட்டிவிட்டது. நெடுங்காலம் அசையாதிருந்த பெரிய தளங்கள் சில மாதங்களில் மறையாக்கத்துக்கு வழிசெய்தன. நல்ல வேலைதான், சந்தேகமில்லை. ஆனால் 2012 ஜனவரியில் பேஸ்காம்ப் என்ற ஆய்வுத் திட்டம் அதே வழியில் தொழிற்சாலைகளுக்குள்ளும் நுழைந்தது. வால்வையும் மோட்டரையும் இயக்கும் பிஎல்சி கருவிகளின் ஓட்டைகளோடு, அவற்றைத் தாக்கும் நிரல்களும் வெளிவந்தன. ஃபயர்ஷீப்பின் வெற்றி இங்கும் கிட்டும் என்ற அந்த நம்பிக்கையைத்தான் ஏற்க முடியவில்லை.

இணையத்தளத்தை அதன் உரிமையாளர் ஓரிடத்தில் இருந்தே ஓரிரவில் திருத்திவிடலாம். ஆலைக்குள் இருக்கும் கருவியைத் திருத்த ஆலையையே நிறுத்த வேண்டிவரும். புத்தளம் கரையில் இதன் பொருள் என்ன என்று பாருங்கள். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் 300 மெகாவாட் அலகுகள் மூன்று. 2025 பெப்ரவரி 9இல் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறால் நாடே இருண்டபோது அந்த மூன்றும் நின்றன. அவற்றை மீண்டும் இயக்க நாட்கள் பிடித்தன. அடுத்த இரு நாட்களும் சுழற்சி முறையில் ஒன்றரை மணி நேர மின்வெட்டு. அந்தக் கோளாறுக்குக் காரணம் குரங்கு என்றார்கள், ஊடுருவல் அல்ல. தற்செயலுக்கே இந்தக் கதி. மின்சாரம் போனால் கற்பிட்டி மீனவருக்கு ஐஸ் இல்லை. இறால் பண்ணையில் காற்றூட்டி நின்றால், ஒட்சிசன் மிகவும் குறையும் விடியற்காலைக்குள் வளர்த்ததெல்லாம் செத்து மிதக்கும். கருவியை வெளியிடுபவர் திருத்தத்துக்கு வைக்கும் கெடு உற்பத்தியாளருக்குத்தான். நட்டமோ அந்த உற்பத்தியாளரின் பெயரைக்கூடக் கேள்விப்பட்டிராத, அதே கரையில் உள்ள உடப்புக்காரருக்கு.

தாக்குபவனுக்கு ஓட்டை ஏற்கெனவே தெரியும், மறைப்பதால் பயனில்லை என்பது எதிர்வாதம். ஈரானின் நத்தான்ஸ் ஆலையைத் தாக்கி 2010இல் அம்பலமான ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரலுக்குப் பொதுக் கருவி எதுவும் தேவைப்படவில்லை என்பதும் உண்மை. ஆனால் அதன் பின்னால் அரசுகளின் பலம் இருந்தது என்றே நிபுணர்கள் கருதுகிறார்கள். கருவி வெளிவந்தால் அந்தப் பலம் இல்லாதவனும் தாக்கலாம். கோப்புகளைப் பூட்டிக் கப்பம் கேட்ட வன்னாக்ரை என்ற தீநிரலைப் பாருங்கள். அது நுழைந்த ஓட்டைக்கு 2017 மார்ச் 14இல் திருத்தம் வந்தது. உளவு அமைப்பொன்றிடமிருந்து களவுபோன கருவி ஏப்ரல் 14இல் பகிரங்கமானது. மே 12இல் வன்னாக்ரையால் தாக்கப்பட்ட பிரித்தானிய வைத்தியசாலைகள் நோயாளரைத் திருப்பி அனுப்பின. அந்தக் கருவியை வெளியிட்டவர்கள் ஆய்வாளர்கள் அல்லர்தான். ஆனால் திருத்தம் கையில் இருந்தும் இரண்டு மாதம் போதவில்லை என்பதே இங்கு கவனிக்க வேண்டியது. இலங்கையின் 2007ஆம் ஆண்டு 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம், குற்றத்துக்குப் பயன்பட வேண்டும் என்ற நோக்கோடு இத்தகைய கருவியைப் பரப்புவதைத் தண்டிக்கிறது. நல்ல நோக்கோடு வெளியிடுபவரை அது தடுக்காது, தடுக்கவும் கூடாது. ஆகவே முடிவு ஆய்வாளர் கையில். ஓட்டையின் விவரமும் தாக்குதலைக் கண்டறியும் வழியும் எல்லோருக்கும் போகட்டும். தாக்கும் நிரலை ஆலையின் பொறியியலாளர்கள் மட்டும் பரிசோதனைக்குப் பெறட்டும். உற்பத்தியாளர் திருத்தத்தை வெளியிட்ட நாளிலிருந்து அல்லாமல், ஆலைகளில் அது பொருத்தப்பட்ட பின்பே பகிரங்க வெளியீட்டைப் பற்றிப் பேசலாம்.